தொண்ணூற்று நான்கு கிலோ

பாய்ப்படகுப் போட்டி என்கிற விளையாட்டைத் திருத்தி எழுதுவதற்கு இந்த உலகத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இதை நான் அடக்கத்தோடுதான் சொல்கிறேன். கடலோடிகள், கடற்படைத் தளபதிகள், அரச குடும்பத்தார் என்று எத்தனையோ பேர் எத்தனையோ காலமாக அதை விளையாடியிருக்கிறார்கள். ஒருவருக்கும் அதிலிருந்த பிழை தெரியவில்லை. படகொன்றில் கால் வைத்திராத நான், ஹரோவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் படுத்திருந்தபடி, இருபது நிமிஷத்தில் அதைக் கண்டுபிடித்தேன்.

பிழை இதுதான்: அந்த விளையாட்டில் பொலிஸ் கிடையாது.

தண்ணீரில் அங்கங்கே காற்றடைத்த செம்மஞ்சள் மிதவைகளைப் போட்டு வைத்திருப்பார்கள். படகுகள் அவற்றைச் சுற்றி வர வேண்டும், தொடக் கூடாது. தொட்டால் விசில் இல்லை, சிவப்பு அட்டை இல்லை. தொட்டவன் தானாகவே படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தன்னைத் தானே தண்டித்துவிட்டு, அதன்பிறகுதான் போட்டியைத் தொடர வேண்டும். ஒருவரும் காணாவிட்டாலும் சுற்ற வேண்டும். அங்கே ஒருவருமே இல்லாவிட்டாலும் சுற்ற வேண்டும்.

இதைப் பற்றி எங்கள் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் 'திருடனே பொலிஸ்' என்று ஒரு பத்தி எழுதினேன். நோர்த் சேர்க்குலர் வீதியில் சிவப்பு விளக்கைத் தாண்டியவன், காரை ஓரங்கட்டி, இறங்கி, அதை ஒருதரம் வலம்வந்துவிட்டு மறுபடி ஏறிப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள் என்று கேட்டிருந்தேன். விதிப்புத்தகத்தில் இதைவிட அழகான ஓர் இடம் இருந்தது. முடிவுக்கோட்டில் இருக்கும் மிதவையைத் தொட்டால், வென்று ஹோர்ன் அடித்த பிறகுகூட, அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்து கோட்டை மறுபடி தாண்ட வேண்டுமாம். கலியாணம் முடிந்து சாப்பாட்டு மேசையில் இருந்த மாப்பிள்ளை, தாலி கட்டும்போது கை நடுங்கிவிட்டது என்று எழும்பி மறுபடி பாதரைத் தேடிப் போவது மாதிரி. பத்தியின் முடிவில், நான் இயற்றிய புதிய விதியைத் தந்திருந்தேன். ஒரே வரி. 'பிடிபடாதவன் தொடவில்லை.'

கன்ரீன் சிரித்தது. பாய்ப்படகுக் கழகத்தாரே சிரித்தார்கள். கழகத்தின் மூத்த ஓட்டுநரான நிர்மலன் அண்ணை அதை ஃபோனில் வைத்து ஒவ்வொரு மேசையாகப் போய் வாசித்துக் காட்டினார். மெலனி மட்டும் சிரிக்கவில்லை. வாசித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் வயிற்றைப் பார்த்தாள்.

"கிருசா, நீ எத்தனை கிலோ?"

"ஏன்?"

"சொல்லடா."

"தொண்ணூற்றி நாலு."

"உண்மையாவோ? சப்பாத்தோடையோ, சப்பாத்து இல்லாமலோ?"

"மெலனி, ஆக்கள் சாப்பிடுகினம். மெதுவாக் கேள்."

"சனிக்கிழமை ரேஸ். என்னோட படகில வாற தக்ஷிகா ஐஸ் ஸ்கேற்றிங் போய்க் கையை உடைச்சுப்போட்டாள். புயல் வருதாம். எனக்கு முன்னுக்கு இருக்கிறதுக்குப் பாரம் வேணும்."

"அப்ப என்ரை மூளை?"

"அதைக் கரையில வைச்சிட்டு வா. நனையாம இருக்கும்."

மெலனி மூன்றாம் வருஷம். நான் இரண்டாம் வருஷம். அவள் ஹவுன்ஸ்லோவிலிருந்து வருகிறாள். பெற்றோர் மன்னார்க்காரர் என்று தெரிந்ததும், கடல் உன்ரை ரத்தத்தில் ஓடுது என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். அவளுடைய அப்பா விமான நிலையத்தில் பொதி ஏற்றுபவர். கிறீன்விச் போகிற படகிலேயே வாந்தி எடுப்பவர். ரத்தத்தில் அவ்வளவுதான் ஓடுகிறது. மிச்சத்தை அவள் சனிக்கிழமைகளில் விடியற்காலை எழும்பி, இரண்டு ரயில் ஒரு பஸ் மாறி வந்து, தானாகப் படித்துக்கொண்டாள்.

பல்கலைக்கழக அணியில் ஆறு ஓட்டுநர்கள். மூன்று வருஷமாக மெலனி ஏழாவது ஆள். ரிசேர்வ். மற்றவர்கள் போட்டியிடும்போது கரையில் நின்று அவர்களுடைய துவாய்களைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. இந்த வருஷம் ஐந்து இடங்கள் நிரம்பிவிட்டன. ஆறாவது, மெலனிக்கா நிர்மலன் அண்ணைக்கா என்பது சனிக்கிழமை தெரியும். புள்ளிகளில் அவர் ஒன்றே ஒன்று முன்னால் நின்றார். போட்டியில் அவரை முந்தினால் இடம் அவளுக்கு. முந்தாவிட்டாலும், இருவரும் முடிக்காவிட்டாலும், அவருக்கு. ஆனியில் மெலனிக்குப் படிப்பு முடிகிறது. அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்கு இல்லை.

வியாழக்கிழமை எனக்குப் பயிற்சி தந்தாள். மூன்று சொற்கள். 'வெளியில' என்றால் வெளியே சாய வேண்டும். 'உள்ள' என்றால் உள்ளே வர வேண்டும். 'குனி' என்றால் குனிய வேண்டும்.

"குனியாட்டி?"

"குனியாட்டி நாலாவது சொல் உனக்குத் தேவைப்படாது."

*

வந்த புயலுக்கு வழக்கம்போல ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நூலகத்தில் எல்லோரையும் அதட்டி அடக்கும் மனுசனின் பெயர் மாதிரி இருந்தது. அது இரண்டு மணிக்கு வரும், பத்து மணிப் போட்டியை அதற்குள் முடித்துவிடலாம் என்று ஃபோனில் இருந்தது. புயல் ஃபோனைப் பார்க்கவில்லை. நான் வெம்பிளி பார்க்கில் ரயிலால் இறங்கியபோது உதைபந்தாட்ட மைதானத்துக்கு மேலாக நிற்கும் இரும்பு வளைவு பாதிக்கு மேல் முகிலுக்குள் போயிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் ஒரு குடை, ஆள் இல்லாமல், தனியாக வீதியைக் கடந்தது.

அம்மாவிடம் லைப்ரரிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். லைப்ரரிக்கு ஏன் துவாய் என்று அவர் கேட்கவில்லை. மீன் றோல்ஸ் பத்துக் கட்டித் தந்தார். வழியில் எட்டைச் சாப்பிட்டேன். அது பசியல்ல, தொழில்நுட்பம்.

வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒரு பக்கம் மரங்கள், ஒரு பக்கம் வெஸ்ட் ஹென்டனின் மாடிக் கட்டடங்கள். காற்று அந்தக் கட்டடங்களுக்கு இடையால் புகுந்து வரும். ஒரு நிமிஷம் முகத்தில் அறையும். மறு நிமிஷம் லிஃப்ட்டுக்காகக் காத்திருப்பதுபோல் நின்றுவிடும். பிறகு எதிர்பாராத மாடியிலிருந்து இறங்கி வரும்.

போட்டியை நடத்துபவர் கீத், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். இறங்குதுறை முனையில் ஒரு மரக்குடிலுக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பார், நேரம் எழுதுவார். யார் தொட்டது, யார் தொடவில்லை என்று பார்ப்பது அவருடைய வேலையல்ல. எல்லோரையும் கூப்பிட்டு, மழைத்தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு, "இறங்குவதா இல்லையா என்பது அவரவர் முடிவு" என்றார். மூழ்குவதைக்கூட இந்த விளையாட்டில் நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும்.

பதினான்கு படகுகள் வந்திருந்தன. எட்டு இறங்கின.

நிர்மலன் அண்ணை எட்மண்டன்காரர். மருத்துவம் ஐந்தாம் வருஷம். கழகத்தில் எல்லோருக்கும் அண்ணை. அவருடைய இறப்பர் வெட்சூட் இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது. என்னுடையது இரவல். முதுகுப் பக்கத்துச் சிப்பைப் பூட்ட மெலனியும் இன்னும் இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

"என்ன கிருசா," என்றார் அண்ணை, "திருடனும் வந்திட்டார், பொலிசும் வந்திட்டார். இனி ரேஸைத் தொடங்கலாம் போல?"

"நான் இண்டைக்குப் பாரம் மட்டும்தான் அண்ணை."

"அது தெரியுது. படகு தாங்குமோ?"

"படகு தாங்கும்," என்றாள் மெலனி, கயிற்றில் முடிச்சுப் போட்டபடி. "நீங்கள் தாங்குவியளோ எண்டுதான் பாக்கோணும்."

அண்ணை சிரித்தார். அவருடைய படகில் முன்னுக்கு இருந்த உயரமான ஸ்கொட்லாந்துப் பெடியனும், ஒன்றும் விளங்காமல், மரியாதைக்குச் சிரித்தான்.

*

இரண்டு பேர் போகும் படகு அது. நீளத்தில் ஒரு சின்னக் கார் அளவு. பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்வார். முன்னால் இருப்பவர் முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காற்று படகைச் சாய்க்கும்போதெல்லாம் எதிர்ப்பக்க விளிம்பில் இருந்து, தரையில் உள்ள பட்டிக்குள் கால்களை மாட்டி, உடம்பைத் தண்ணீருக்கு மேலாக வெளியே சாய்க்க வேண்டும். அதாவது, தராசில் வைக்கும் படிக்கல் நான்தான்.

ஹோர்ன் அடித்தது. மூன்று சுற்று ஓட்டம்.

"வெளியில!"

சாய்ந்தேன். படகு ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு பாய்ந்தது. தொண்ணூற்று நான்கு கிலோவுக்காக இருபது வருஷமாக எல்லோரிடமும் நக்கல் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில், மாமா வீட்டில், கோயிலில் பாதரிடம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட. முதல் தடவையாக அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மற்றப் படகுகள் காற்றைத் தாங்க ஏலாமல் பாயைத் தளர்த்தித் தளர்த்தி ஓடின. நாங்கள் தளர்த்தவில்லை. தூரத்து மிதவைக்கு வந்தபோது நாங்கள் இரண்டாவது. முன்னால் நிர்மலன் அண்ணை மட்டும்.

அங்கேதான் அது நடந்தது. திரும்பும்போது படகின் பின்பக்கம் மிதவையை உரசியது. உரசியது என்பதே பெரிய சொல். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் கோட்டு உங்கள் கோட்டில் படுமே, அவ்வளவுதான்.

"தொட்டிட்டன்," என்றாள் மெலனி. "உள்ள வா. சுத்தப் போறன்."

"என்னத்துக்கு? ஆர் கண்டது?"

"நான் கண்டனான். குனி!"

குனிந்தேன். படகு காற்றுக்கு முகத்தைக் காட்டி ஒரு பாதி திரும்பியது. பாய்கள் படபடவென்று அடித்தன. பிறகு காற்றுக்கு முதுகைக் காட்டி மறு பாதி. இரண்டாவது பாதியில்தான் உயிராபத்து. பாயின் அடிக்கம்பு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு, தலை இருந்த இடத்தால், லொறி போகிற மாதிரிப் போனது. சுற்றி முடித்து நிமிர்ந்து பார்த்தேன். நான்கு படகுகள் எங்களைத் தாண்டிப் போயிருந்தன. ஆறாவது.

எனக்கு நாக்கு நிற்கவில்லை.

"விசரி! மூண்டு வருஷமா ஏன் ரிசேர்வ் எண்டு இப்பதான் விளங்குது. ரயிலில ரிக்கெற் இல்லாமப் போனா நீயே இறங்கி நடப்பியோ? சோதனையில பக்கத்துப் பெடியன்ரை வோட்சை எட்டிப் பாத்தாலும் பேப்பரைக் கிழிச்சுப்போட்டு எழும்பிப் போவியோ? உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஊரில பொலிஸ் ஸ்ரேசனை மூடிப்போட்டு அதில கோப்பிக்கடை வைக்கலாம்!"

அவள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை."

"மிச்சத்தை வெளியில சாஞ்சுகொண்டு சொல்லு."

சாய்ந்துகொண்டு சொன்னேன். வாய்க்குள் தண்ணீர் போனதால் பாதிதான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

*

இரண்டாவது சுற்றின் நடுவில் புயல் முழுசாக வந்து சேர்ந்தது. முதலில் வெஸ்ட் ஹென்டன் கட்டடங்கள் மறைந்தன. பிறகு மரங்கள். பிறகு தண்ணீரின் மேல் ஒரு கறுப்புக் கோடு எங்களை நோக்கி ஓடி வந்தது.

பயம் வந்தால் மட்டும் நான் மெலனியை அக்கா என்பேன்.

"அக்கா, அங்கால பார்."

"கண்டிட்டன். வெளியில."

"அக்கா, நான் ஏற்கெனவே வெளியிலதான்."

"இன்னும் வெளியில."

மழை பக்கவாட்டில் வந்தது. முன்னால் போன படகொன்று சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. அதற்கு அடுத்தது, முதலாவதைப் பார்த்துப் படித்த மாதிரி, தானும் படுத்தது. மோட்டார் பூட்டிய மீட்புப் படகு விழுந்தவர்களைப் பொறுக்கிக்கொண்டு ஓடித் திரிந்தது. இரண்டு பேர் தாங்களாகவே பாயை இறக்கிக்கொண்டு கரைக்குப் போனார்கள். அப்படி அப்படியே எட்டு நான்காகி, நான்கு மூன்றாகி, கடைசியில் தண்ணீரில் நின்றது நாங்களும் நிர்மலன் அண்ணையும்தான். அவர் எங்களுக்கு முன்னால் நாற்பது மீற்றரில் பாயைத் தளர்த்திக்கொண்டு தத்தளித்தார். நாங்கள் கிட்ட வந்ததும் கையை வாயில் குவித்துக் கத்தினார்.

"மெலனி! இது விசர் வேலை! ரெண்டு பேரும் ஒண்டாக் கரைக்குப் போவம்! ஒருத்தருக்கும் வெக்கமில்லை!"

நல்ல மனுசன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இருவரும் ஒன்றாகக் கரைக்குப் போனால் ஒற்றைப் புள்ளியால் இடம் அவருக்குப் போகும் என்பதை மட்டும் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது.

மெலனியின் உதடு நீலமாக இருந்தது. கயிறு அறுத்து உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது.

"நீங்கள் போங்கோ அண்ணை!" என்று கத்தினாள். "நான் ரேஸை முடிச்சிட்டு வாறன்!"

"உனக்கு உயிரில ஆசையில்லையோ?"

"மூண்டு வருஷம் கரையிலதான் நிண்டனான்! அங்க என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்!"

அவர் போகவில்லை. அவள் போகாதபோது அவர் எப்படிப் போவது? பாயை இறுக்கிக்கொண்டு திரும்பினார். எனக்குள் அந்த நேரம் ஏதோ ஒன்று கிளம்பியது. எட்டு மீன் றோல்ஸில் ஒன்றாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது சொல். "வாடா!" என்று புயலைப் பார்த்துக் கத்தினேன். "வாடா, வந்து பார்! தொண்ணூற்றி நாலு கிலோவடா! ஏலுமெண்டாத் தூக்கு!"

"ஆரோட கதைக்கிறாய்?"

"இவனோடதான்."

"சொல்லு, சொல்லு. நல்லாச் சொல்லு!" என்றாள். அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். பல்லெல்லாம் மழை.

பிறகு இருவருமாகச் சேர்ந்து கத்தினோம். அவள் ஹவுன்ஸ்லோ பஸ் நிலையத்தில் படித்த சொற்கள் சிலவற்றை இங்கே எழுத முடியாது. காற்று அடிக்க அடிக்க நான் சாய்ந்தேன். சாயச் சாயப் படகு நிமிர்ந்தது. அண்ணையின் படகில் அந்த ஸ்கொட்லாந்துப் பெடியன் உயரமே தவிரப் பாரமில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவர்கள் பாயைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தளர்த்தலிலும் நாங்கள் இரண்டு மீற்றர் கிட்டப் போனோம். மூன்றாவது சுற்றின் தூரத்து மிதவையில் அவர்களை ஒட்டிக்கொண்டு திரும்பினோம். மெலனி அந்த மிதவைக்கு இந்தத் தடவை ஒரு பஸ் போகும் அளவுக்கு இடம் விட்டாள். கடைசி நீட்டில் அவர்களைத் தாண்டினோம். தாண்டும்போது நான் அண்ணைக்குக் கை காட்டவில்லை. கை காட்ட வசதியில்லை. ஒரு கையை எடுத்தால் தண்ணீருக்குள் போயிருப்பேன்.

முடிவுக்கோடு என்பது கீத்தின் குடிலுக்கும் கடைசி மிதவைக்கும் இடையில் உள்ள வெறும் தண்ணீர். குடில் எங்களுக்கு இடப்பக்கம். மிதவை வலப்பக்கம், நான் தொங்கிக்கொண்டிருந்த பக்கம்.

"வந்திட்டம்!" என்று மெலனி கத்தினாள். "விடாத கிருசா! முப்பது மீற்றர்! இருபது!"

பத்து மீற்றரில் காற்று நின்றது.

குறையவில்லை, நின்றது. வெஸ்ட் ஹென்டனில் யாரோ ஒருவர் ஜன்னலை மூடிய மாதிரி. தாங்கிப் பிடிக்கக் காற்று இல்லாதபோது, வெளியே தொங்கிய தொண்ணூற்று நான்கு கிலோ படகைத் தன் பக்கம் சாய்த்தது. என் முதுகு தண்ணீருக்குள் போனது. நான் வயிற்றை எக்கி எழும்பப் பார்த்த அந்த நொடியில், வெட்சூட்டுக்கு மேலால், வலத் தோளுக்குக் கீழே, வழுவழுப்பான, காற்றடைத்த ஏதோ ஒன்று என் முதுகைத் தடவிக்கொண்டு போனது. குளிக்கவார்த்த பிள்ளையின் முதுகைத் துடைத்துவிடுகிற மாதிரி. மெதுவாக.

காற்று மறுபடி அடித்தது. படகு துள்ளியது. ஹோர்ன் அடித்தது.

*

மெலனி என்ன கத்தினாள் என்று எனக்குத் தெரியாது. தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை. சுக்கானை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் என் லைஃப் ஜாக்கெட்டில் அடித்தாள். "ஆறாவது! கிருசா, ஆறாவது இடம்! அப்பாவுக்கு மெசேஜ் போடோணும்! தக்ஷிகாவுக்குச் சொல்லோணும்! டேய், நீ சாப்பிட்டதெல்லாம் நல்லா இருக்கோணும்!"

நான் திரும்பிப் பார்த்தேன். கீத் குடிலுக்குள் குனிந்து நேரம் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கும் மிதவைக்கும் இடையில் எங்கள் பெரிய பாய் நின்றது. அவர் கண்டிருக்க முடியாது. நிர்மலன் அண்ணை அறுபது மீற்றர் பின்னால் மழைக்குள் நின்றார், கண்டிருக்க முடியாது. மீட்புப் படகு அக்கரையில் நின்றது. மெலனி பாயைப் பார்த்து ஓட்டியவள். கரையில் நின்றவர்கள் முகத்தைத் துவாயால் மூடியிருந்தார்கள். மிதவையின் மேல் ஒரு கடற்புறா இருந்தது. அதுவும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

என் விதி எனக்கு மனப்பாடம். அச்சில் வந்த விதி. கன்ரீன் முழுக்கக் கைதட்டிய விதி. அதன்படி இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு வழக்கறிஞர் வந்து குறுக்கு விசாரணை செய்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வசனத்தை எனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். வேலை செய்தது. இரண்டாம் தரமும் வேலை செய்தது. முதுகு மட்டும், வெட்சூட்டுக்குள்ளே, அந்த ஓர் இடத்தில், அந்தக் குளிரிலும் சூடாக இருந்தது.

மெலனி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நீல உதட்டோடு. அந்தச் சிரிப்பை மூன்று வருஷமாக அவள் எங்கே வைத்திருந்தாளோ தெரியாது.

"அக்கா," என்றேன்.

"என்னடா? இனி என்ன பயம்? முடிஞ்சுது."

"தொட்டிட்டன்."

"என்னத்தை?"

"மிதவையை. முதுகால."

அவள் வாய் திறந்தபடி நின்றது. கண்கள் முதலில் கீத்தின் குடிலுக்குப் போயின. பிறகு பின்னால், மழைக்குள் வந்துகொண்டிருந்த அண்ணையின் பாய்க்கு. பிறகு எனக்கு வந்தன. சுக்கானை அவள் திருப்பவில்லை.

"ஆர் கண்டது?" என்றாள். மெலனிதான் கேட்டாள். குரல் மிகச் சின்னதாக இருந்தது.

மழை படகுக்குள் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது.

"நான்," என்றேன்.

நான் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். பின்பு உள்ளே வந்து, இறுக்கி மாட்டியிருந்த முன்பாயின் கயிற்றைக் கழற்றிவிட்டேன். பாய் படபடத்தது. படகின் மூக்கு, யாரும் சொல்லாமலே, காற்றின் பக்கம் திரும்பத் தொடங்கியது.

மெலனி ஒரு சொல் சொன்னாள். அதுவும் ஹவுன்ஸ்லோ பஸ் நிலையத்துச் சொல்தான். எனக்கா, காற்றுக்கா, மிதவைக்கா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டுச் சுக்கானைத் தள்ளினாள்.

"குனி."

குனிந்தேன். காற்றுக்கு முகம் காட்டிப் பாதிச் சுற்று. அந்தப் பாதி முடிந்த இடத்தில், எங்கள் மூக்குக்கு முன்னால், நிர்மலன் அண்ணையின் படகு கோட்டைத் தாண்டிப் போனது. அவர் எங்களைப் பார்த்த பார்வையில், இவர்கள் வென்ற சந்தோஷத்தில் கூத்தாடுகிறார்கள் என்பது மட்டும்தான் இருந்தது. ஹோர்ன் அடித்தது.

"போயிட்டுது," என்றாள் மெலனி. "ஆறாவது இடம் போயிட்டுதடா."

"ஓம்."

"இனிச் சுத்தியும் என்ன?"

கோட்டை மறுபடி தாண்டுவதும், அதற்குமுன் காற்றுக்கு முதுகு காட்டும் பாதியும் மிச்சம் இருந்தன. அடிக்கம்பு லொறி மாதிரி வரும் பாதி. கறுப்புக் கோடு ஒன்று தண்ணீரில் மறுபடி ஓடி வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். மூக்கைத் தோளில் துடைத்தாள். பிறகு சுக்கானை இழுத்தாள்.

தலைக்கு மேலால் அடிக்கம்பு போனது. நான் மற்றப் பக்கத்துக்குத் தவழ்ந்து போய், பட்டிக்குள் கால்களை மாட்டி, தொண்ணூற்று நான்கு கிலோவையும் வெளியே சாய்த்தேன்.